முழு வேகம்

அந்த மலையூருக்கே ஒரே இணையப் பெட்டி; அதை வைத்துக்கொள்வது கோயில் பூசை மாதிரி ஆண்டுக்கொரு வீட்டுக்கு முறை. போன ஆண்டு பொன்னுருவியின் முறை. கோழி தோட்டத்தில் புகுந்த சண்டையை மனதில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் செவந்தியின் மகள் வேலைக்கான நேர்காணலில் பேசிக்கொண்டிருந்தபோது பெட்டியை அணைத்தாள் அந்தப் புண்ணியவதி. வேலை கைநழுவிப் போயிற்று.

இந்த ஆண்டு பெட்டி செவந்தி வீட்டில். பொன்னுருவியின் மகளைப் பெண் பார்க்க, கனடாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இணையம் வழியே ஒளியுருவமாய் வந்து அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். செவந்தி எப்போது பெட்டியை அணைப்பாள் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

செவந்தியோ வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு வேகத்தை முழுதாகத் திருகிவிட்டாள். குறைந்த வேகத்தில் கூடத்துப் பேச்சு மட்டும் கனடாவுக்குப் போகும். முழு வேகத்தில் அடுப்படிப் பேச்சும் சேர்ந்து போகும்.

செவந்தியாவது, முழு வேகம் தருவதாவது என்ற நம்பிக்கையில், அடுப்படியில் தங்கையிடம் வாயைத் திறந்தாள் பொன்னுருவி.

"மாப்பிள்ளையோட ஆத்தா மூஞ்சியப் பாத்தியாடி? கல்யாணம் முடியட்டும், அந்தக் கெழவிய வீட்ட விட்டே வெரட்டச் சொல்றேன்."

கூடத்தில் ஒளியுருவங்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன.

பொன்னுருவி செவந்தியின் வாசலுக்கு ஓடிவந்தாள். "அடிப்பாவி! என்னடி பண்ணுன?"

"நல்ல காரியமாச்சேன்னு ஊருக்குள்ள இருந்த வேகத்தையெல்லாம் ஒனக்கே குடுத்தேனேக்கா," என்றாள் செவந்தி. "பத்தலையா?"