தாலாட்டுக்குப் பின்பாட்டு

புகழ்பெற்ற பாடகர்கள் எல்லோரும் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய், அவர் பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடியாக வேண்டும். இம்முறை குலுக்கலில் விழுந்தது, திருப்பூர் தையல்காரன் மாசிலாமணியின் பெயர். பாடகி சாருலதா பறக்கும் ஆட்டோவில் மொட்டைமாடியில் வந்திறங்கி, தொட்டில் அருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தொட்டிலில் மாசிலாமணியின் மகள் காலையிலிருந்து தூங்காமல் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, சுருதி தப்பி மானத்த வாங்கிப்போடாதீங்க" என்றாள் மனைவி பூங்கோதை.

தாலாட்டின் இரண்டாவது அடியிலேயே மாசிலாமணியின் குரல் சறுக்கியது. முன்பாட்டு போகும் வழியில்தான் பின்பாட்டும் போக வேண்டும் என்பது விதி. சாருலதாவும் கூடவே சறுக்கினாள். பூங்கோதை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

குழந்தை தூங்கிவிட்டது.

"அண்ணா, அந்தச் சறுக்கலை இன்னொரு தடவை பாடுங்களேன்" என்று கிசுகிசுத்தாள் சாருலதா. "எங்க வீட்டுலயும் ஒண்ணு தூங்க மாட்டேங்குது."