சிந்துவெளிப் பாசிமணி

சிந்துவெளி மக்களுக்கு இரும்பு தெரியாது என்று திரும்பவும் சொன்னேன்.

ஹனா மறுபடியும் இரும்பு என்றுதான் எழுதியிருந்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள், புத்தி மட்டும் ஒரு இடத்தில் நிற்காது. செம்பு தெரியும், வெண்கலம் தெரியும், தங்கமும் வெள்ளியும் தெரியும், இரும்பு தெரியாது. இதில் என்னடி உனக்குக் கஷ்டம் என்று சத்தம் போட்டேன்.

அவள்மேல் தப்பில்லை. காலையில் யூனிஃபார்ம் போட்டுப் புறப்பட்டு நின்றவளை, நாளைக்குச் சமூக அறிவியல் பரீட்சை, வீட்டிலேயே இருந்து படி என்று நிறுத்திவைத்தது நான்தான். சின்னவள் ஷமீராவையும் சேர்த்து நிறுத்தினேன். அவளுக்குக் காரணமே தேவைப்படவில்லை, பையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினாள்.

வாசல் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். தறிக்கு நூல் தார் சுற்றுவதற்குக் கூப்பிட வந்த பக்கத்து வீட்டு முப்பிடாதியை, உடம்புக்கு முடியவில்லை என்று சன்னல் வழியாகவே அனுப்பிவிட்டேன். இந்தத் தெருவில் ஒருத்தியிடம் வாயைத் திறந்தால் தறிச் சத்தத்தையும் தாண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன்.

பஹ்ரைனிலிருந்து அல் அமீன் எந்த நேரமும் கூப்பிடுவார். கடையநல்லூர்க்காரர், பிள்ளைகளின் வாப்பாவோடு ஒரே ரூமில் இருப்பவர். வாப்பாவை ஊருக்கு அனுப்பிவைப்பதா, அங்கேயே இருக்கட்டும் என்பதா, நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே பிற்பகல் அசர் தொழுகைக்குள் சொல்ல வேண்டும். கொழுந்தனாரிடம் கேட்டதற்கு, நீங்கள் சொல்வதுதான் மைனி என்று ஒதுங்கிக்கொண்டார். ஆம்பிளைகளுக்கு இது ஒரு வசதி.

கொழுந்தனாரும் சொந்தக்காரர்களும் பொழுதுசாய மஃரிபுக்கு இங்கே வந்து இறங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் பிள்ளைகளிடமும் நான்தான் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் மொகஞ்சதாரோவைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குளம் கட்டினார்கள். தெருவுக்குத் தெரு மூடின சாக்கடை கட்டினார்கள். நம்ம தெருவில் ஏன் இன்னும் கட்டவில்லை என்று ஹனா கேட்டாள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

லோத்தலில் கப்பல் கட்டி, பருத்தித் துணியும் பாசிமணியும் ஏற்றிக்கொண்டு மெசபடோமியா வரைக்கும் வியாபாரத்துக்குப் போனார்கள். போகிற வழியில் ஒரு தீவில் இறங்கினார்கள். அந்தத் தீவுதான் பஹ்ரைன். இது பாடத்தில் இல்லை, வாப்பா சொன்னது. வேலைக்குப் போகிற ரோட்டோரம் மேடு மேடாக மண் கிடப்பதை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். எல்லாம் அந்தக் காலத்து ஆட்களை அடக்கிய கபுருகள். தான் சங்கரன்கோவில் தறியை விட்டுவிட்டு வந்த மாதிரி அவர்களும் பிழைக்க வந்திருக்கிறார்கள் என்று ரூமில் படுத்தபடியே கதை சொன்னார். ஏசிக் குளிர் அவருக்கு ஆகவே ஆகாது. காதுவரை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் பேசுவார்.

ஹனா பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"அங்கன போன ஆளுக திரும்பி வந்தாகளா உம்மா?"

கொஞ்சம் பேர் வந்திருப்பார்கள், கொஞ்சம் பேர் அங்கேயே இருந்திருப்பார்கள் என்றேன். அவள் விடவில்லை. அப்படி இருந்துவிட்டவர்களின் வீட்டுக்கு யார் வந்து சொல்வார்கள் என்று கேட்டாள். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டேதானே இருக்கும் என்றாள்.

இதெல்லாம் பரீட்சைக்கு வராது, வாயை மூடிக்கொண்டு எழுது என்று கத்திவிட்டேன். அவள் கண் நிறைந்துவிட்டது. போ, ராத்திரி வாப்பா கூப்பிடும்போது நான் வாப்பாவிடமே கேட்டுக்கொள்வேன் என்று முனகிக்கொண்டு குனிந்தாள்.

எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது, எங்கே ஓட.

அப்போதுதான் ஷமீரா உள்ளறையிலிருந்து வந்தாள். பாசிமணி என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. தாருக்கு வைத்திருந்த சிவப்பு நூலில் கறுப்பு மணிகளைக் கோத்துக் கையில் தொங்கவிட்டிருந்தாள்.

"சிந்துவெளிப் பாசி உம்மா. ஒன் கருகமணிதான், பீரோவுல அறுந்து கெடந்துச்சு. நான் கோத்துட்டேன்."

அது தானாக அறுந்ததில்லை. காலையில் அமீன் போனை வைத்ததும் குளியலறைக்குள் போய் நானே அறுத்தது. புருசன் மவுத்தாகிவிட்டால் அது கழுத்தில் இருக்கக் கூடாது. சொந்தக்காரப் பெண்கள் கூடி அழுது கழற்றுவதற்குள் நானே பிய்த்து, உதிர்ந்ததைப் பொறுக்கி, கைக்குட்டையில் முடிந்து துணிக்கு அடியில் திணித்திருந்தேன். சுபுஹு தொழுகைக்கு எழுப்பினேன், எழும்பவே இல்லை மைனி என்று அமீன் அழுதது இன்னும் காதிலேயே இருந்தது.

ஷமீரா எனக்குப் பின்னால் வந்து நின்று, ஆடாமல் இரு என்று அதட்டிவிட்டுக் கழுத்தில் கட்டினாள். கட்டவிட்டேன். அவள் முடிச்சுப் போட்டு முடிக்கிற வரைக்குமாவது அவர் உயிரோடு இருக்கட்டும் என்று இருந்தது.

மடியில் போன் அதிர்ந்தது.

அனுப்பச் சொன்னால் பிள்ளைகள் ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பேப்பரெல்லாம் முடிய எத்தனை நாளாகுமோ, அதுவரை ஐஸ் பெட்டியில் கிடக்க வேண்டும். ஏசிக்கே காதை மூடுகிற மனுசன்.

எழுந்து உள்ளே போய்ப் பேசியிருக்கலாம். உட்கார்ந்தபடியே எடுத்துக் காதில் வைத்தேன்.

"அங்கனயே அடக்கிருங்க தம்பி," என்றேன்.

ஹனா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யார உம்மா?"