பெற்றோரை அழைத்து வரவும்

முதல்வர் அறைக்குள் நுழைவதற்கு முன், பையனின் சட்டையில் மேல் பொத்தானை நானே போட்டுவிட்டேன். பெற்ற அப்பன் என்றால் அதைச் செய்யாமல் இருக்க மாட்டான்.

உள்ளே போனால் வாயைத் திறக்காதே, தலையைத் தொங்கப் போட்டுக்கொள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. பொருளாதாரம், இரண்டாம் வருடம். வகுப்புக்கு மட்டம் போட்டே வருகை குறைந்துவிட்டது. பெற்றோரை அழைத்து வந்தால்தான் பரீட்சை எழுத விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். சொந்த அப்பாவிடம் போனால் தோலை உரித்துவிடுவாராம். அதனால் என் டாக்சியில் ஏறி, வழியெல்லாம் அழுது, என்னைக் கேட்டான்.

எனக்கு இது புதிதில்லை. இந்தக் கல்லூரியில் ஏற்கெனவே ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நான் தகப்பன். முதல் தடவை பாவம் பார்த்துப் போனேன். அப்புறம் விஷயம் பரவி, ஸ்டாண்டுக்கே வந்து, அங்கிள் நாளைக்கு ஃப்ரீயா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சவாரி வாடகை மட்டும்தான் வாங்குவேன். பொய்க்குக் கூலி வாங்குகிற ஆள் நான் இல்லை.

ஒரே ஒரு கண்டிஷன். கணிதத் துறைப் பக்கம் வர மாட்டேன். அங்கே என் மகள் படிக்கிறாள்.

தினமும் அவளைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் முதல் சவாரிக்கே போவேன். முதல் வாரமே, இந்தக் கணக்கு எனக்கு ஏறவில்லை அப்பா, வேறு ஏதாவது படிக்கிறேன் என்றாள். அரசுக் கல்லூரியில் சீட்டுக் கிடைக்காமல் ஊரே அலைகிறது, வாயை மூடிக்கொண்டு போ என்றேன். மூடிக்கொண்டு போனாள். சரியாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

வழக்கமாக ஹெச்.ஓ.டி. அறையோடு வேலை முடிந்துவிடும். இன்று அவர் லீவு. நேராக முதல்வரைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

கதவைத் தள்ளினேன்.

மேசைக்கு எதிரே ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். காலையில் என் வண்டியில் வந்த முதுகு.

பக்கத்தில் ஓர் ஆள். மடிப்புக் கலையாத சட்டை, கண்ணாடி. அவன் கை அவள் தலைமேல் இருந்தது.

எங்களுக்கு ஒரே பொண்ணு மேடம், வெளியூருக்கு மாற்றலாகிப் போகிறோம், டி.சி. கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். குரல் எங்கே தழைய வேண்டுமோ அங்கே தழைந்தது. பாவி, என்னைவிட நன்றாகச் செய்தான்.



இந்த செமஸ்டர் முழுக்க உங்கள் பெண் வகுப்புப் பக்கமே வரவில்லை, தெரியுமா என்று முதல்வர் அவனைக் கேட்டார். தெரியும் மேடம் என்றான்.

எனக்குத் தெரியாது. மத்தியானம் ஒழுங்காகச் சாப்பிடு என்று இன்றைக்குக்கூட வாசலில் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அப்போது மகள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற பையனைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

முதல்வர் பேனாவை அந்த ஆளிடம் நீட்டினார். அவன் கையெழுத்துப் போட்டால் என் மகள் படிப்பு போச்சு. நான் வாயைத் திறந்தால் இந்தப் பையன் படிப்பு போச்சு, நானும் கம்பி எண்ண வேண்டியதுதான். எல்லாம் புரிந்தது. புரிந்தும் வாய் நிற்கவில்லை.

"மேடம், அவ என் பொண்ணு."

அப்படியானால் இந்தப் பையன் யார் என்றார் முதல்வர். பையன் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். அவர் என் மகளிடம் திரும்பி, இவர் யாரம்மா என்று கேட்டார்.

அவள் என்னை நேருக்கு நேர் பார்த்தாள்.

"தெரியலை மேடம். எங்கப்பா இவர்தான்."

கண்ணாடிக்காரனைக் காட்டினாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

அம்மாடி என்றேன். அத்தனை பேர் முன்னால், மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

பையன்தான் பேசினான். என் தங்கை போன வருடம் செத்துப்போய்விட்டாள் மேடம், அதிலிருந்து எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் அப்பா இப்படித்தான் சொல்கிறார், அவரைத் தனியாக விட முடியாமல்தான் நான் கல்லூரிக்கு வரவில்லை என்றான்.

முதல்வரின் முகமே மாறிவிட்டது. கண்ணாடிக்காரன் உச்சுக் கொட்டினான். பையனைப் பரீட்சை எழுதச் சொல்லி, அப்பாவைப் பத்திரமாகக் கூட்டிப் போ என்று அனுப்பினார்கள்.

அவன் என் தோளை அணைத்து வெளியே நடத்தினான். கதவு மூடுவதற்குள் திரும்பிப் பார்த்தேன். அந்த ஆள் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். என் பெயரை.

மகள் திரும்பவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் பையன் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினான்.

"பின்னிட்டீங்க அங்கிள். யாரோ ஒரு பொண்ணைக் காட்டி என் பொண்ணுன்னதும் எனக்கே உயிர் போச்சு. நெசமாவே பொண்ணைப் பறிகொடுத்தவர் மாதிரி அழுதீங்க."