விஜய்க்குக் கொடுத்த புத்தகம்

"அண்ணி, இந்த வாட்டி என்னை உட்டுருங்க. எனக்கும் புஸ்தகத்துக்கும் ரொம்ப தூரம்."

அம்பத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் விஜய் கும்பிடாத குறையாகச் சொன்னான். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பு அவன் முகத்தில் இருந்தது. அனுசுயாவின் முகத்தில் அதைவிட அதிகம். காலையிலிருந்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் நின்றபடியே சட்டைகளைச் செக்கிங் செய்தவள், இப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இனி பட்டாபிராம் போய்ச் சமைக்க வேண்டும். கணவருக்கு உடம்பு துடைத்து, துணி மாற்றி, அதைத் துவைத்துப் போட வேண்டும்.

"நீ படிக்கவே வேணாம் தம்பி. ரயில்ல வர்றப்ப நானே படிச்சு முடிச்சிட்டேன். கதையைச் சொல்றேன், கேட்டுக்க. ஞாயித்துக்கெழம வந்து அவர்கிட்ட நாலு வார்த்த பேசு, போதும்."

விஜய் பெருமூச்சு விட்டான்.

அனுசுயாவின் கணவர் மணவாளனும் அவனும் இரும்புத் தகடு அழுத்தும் ஒரே பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் பைக் விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டு மணவாளன் படுக்கையில் விழுந்தார். முதல் மாதம் வீடு கொள்ளாத நண்பர்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மிச்சமிருந்தவர்களை மணவாளனின் புத்தகப் பைத்தியம் விரட்டியது. "எனக்கு ரொம்பப் புடிச்ச கதைடா, படிச்சிட்டு வந்து சொல்லு" என்று ஆளுக்கொரு நாவலை மனைவியிடம் கொடுத்தனுப்புவார். அனுசுயாவின் தம்பி தமிழரசு இப்போது போனையே எடுப்பதில்லை. விஜய் மட்டும்தான் பாக்கி.

"ஆறு புஸ்தகம் ஆச்சு அண்ணி. ஆறுக்கும் நீங்க சொன்னதத்தான் ஒப்பிச்சுகினு கீறேன். அண்ணன் மூஞ்சப் பாக்கவே ஒரு மாதிரியா கீது. படிக்கலன்னு சொல்லிட்டா இன்னா?"

"சொல்லிட்டு? பேச ஆளில்லாம அவரு ஃபேனையே பாத்துகினு கெடப்பாரு. அதையும் நான்தான பாக்கணும்?"

விஜய் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "சரி, சொல்லுங்க. இன்னா கதை?"

"சுண்ணாம்புக் காளவாய்ல வேல செய்யறவ முத்தரசி..." என்று அலுப்போடு ஆரம்பித்தாள் அனுசுயா. போகப்போகக் குரல் ஏறியது. கைகள் காற்றில் காளவாய் கட்டின. திருவள்ளூர் வண்டி வந்து நின்று, அவளை ஏற்றாமலே போயிற்று. அவள் கவனிக்கவேயில்லை.

"பதினோரு வருஷம் கழிச்சு, அவள உட்டுட்டுப் போன புருஷன் வந்து கதவத் தட்டறான். தொறந்தாளா இல்லியான்னு எழுதாமலே முடிச்சிட்டாங்க. தொறந்திருக்க மாட்டா தம்பி. ஓடிப் போனவனுக்கு இன்னா கதவு?"

விஜய் விரல்விட்டு எண்ணி மனப்பாடம் செய்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராம் வீட்டில், மூன்று தலையணைகளில் சாய்ந்து காத்திருந்தார் மணவாளன்.

"வாடா. படிச்சியா?"

"படிச்சேண்ணே. சூப்பர்ணே."

"கடைசில கதவத் தொறந்தாளா?"

"தொறந்திருக்க மாட்டாண்ணே. ஓடிப் போனவனுக்கு இன்னா கதவு?"

"எனக்குத் தொறந்திருப்பான்னுதான் தோணுது. இல்லாட்டி அன்னிக்கு எதுக்கு ரெண்டு ஆளுக்கு ஒல வெச்சா?"

இது பிளாட்பாரப் பாடத்தில் இல்லை. விஜய் சமையலறைப் பக்கம் பார்த்தான்.

கரண்டியோடு வெளியே வந்தாள் அனுசுயா. "அது பக்கத்து ஊட்டுக்காரிக்கு. அவளுக்கு ஜுரம்னு முன்னாடியே வருதே! ஒழுங்காப் படிச்சாதான?"

"அப்ப கதவுக்கு எண்ணெ போட்டது?"

"கீலு கத்துச்சு, போட்டா! பொம்பள எது செஞ்சாலும் ஆம்பளைக்காகத்தான் செய்வான்னு உங்களுக்கு ஒரு நெனப்பு."

கால் மணி நேரம் இருவரும் விடாமல் சண்டை போட்டார்கள். பேச்சு வாக்கில் அனுசுயா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மணவாளன் ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து விஜய் பார்த்ததே இல்லை.

திடீரென்று அவன் அங்கே இருப்பது நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இது... விஜய் தம்பிதான் கதை சொல்லுச்சு" என்று முணுமுணுத்தபடி, குழம்பு அடிபிடிக்கிறது என்று உள்ளே ஓடினாள்.

இனியும் மறைப்பது பாவம் என்று விஜய்க்குத் தோன்றியது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஒரு புஸ்தகத்தையும் தொட்டது கூட கெடையாது. எல்லாத்தையும் அண்ணிதான் படிச்சுச்சு. நீங்க பேச ஆளில்லாம கஷ்டப்படக் கூடாதேன்னுதான்..."

"தெரியும்டா." மணவாளன் சமையலறையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் அடிபட்டு உழுந்ததுலேர்ந்து மாத்திர, சோறு, இத தவிர அவ வாயில ஒரு பேச்சு கெடையாது. 'நீ படி'ன்னு அவகிட்ட குடுத்தா, எனக்கு ஏது நேரம்னு மூலையில வெச்சிடுவா. உனக்குன்னு குடுத்தாத்தான் ரயில்ல பிரிக்கறா. நாளைக்கும் ஒண்ணு உன் பேரச் சொல்லிக் குடுத்தனுப்புறேன். உனக்குப் புண்ணியமாப் போவும், எந்தக் காலத்துலயும் நீ மட்டும் படிச்சிடாத!"