தீட்டுப் படாத நீர்

ஆடி அமாவாசைக் காலை. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஓடும் இதை ஓடை என்று சொல்லவே கூசுகிறது. முழங்கால் நீரில் நின்று கிரிகரி கொசு மருந்து தெளிக்கிறான். முதுகிலுள்ள தகரக் கலத்திலிருந்து சீறி விழும் கறுப்பு எண்ணெய், வெயிலில் மயில்கழுத்து நிறம் காட்டிப் படர்கிறது. மண்ணெண்ணெய் நெடி தொண்டையை அறுக்கிறது. வெள்ளை வயிறு தெரியச் செத்து மிதக்கும் சிறு மீன்களைக் காலால் ஒதுக்குகிறான். "கொசுவோட இதுவும் போவுது. மனுசனுக்காவத்தானே சர்வேசுரன் மீனையும் படைச்சாரு" என்கிறான், கரையில் நிற்பவரிடம். இறந்த தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வந்திருக்கும் யாழ்ப்பாணத்துக் கிளார்க், சண்முகரத்தினம். அவர் முகம் சுளிக்கிறது, மீன்களைப் பார்த்து அல்ல. "மேல்பக்கத்திலை நிக்காதை. உன்ரை கால் பட்ட தண்ணி தீட்டெல்லே. கீழை போ."

"எண்ணெ ஊத்தியிருக்கேன் ஐயா."

"எண்ணெயாலை என்ன? மந்திரம் சொன்னால் இது கங்கை."

கிரிகரி கரையேறி, ஈரமண்ணில் தடம் பதிய நடந்து, கீழ்ப்பக்கம் போய் அங்கும் தெளிக்கத் தொடங்குகிறான். அவன் நின்ற இடத்தின் கலங்கல் வடியும்வரை காத்திருந்து இவர் இறங்குகிறார். பட்டுவேட்டியில் எண்ணெய் கறுப்பாய் ஏறுகிறது. செத்த மீனைப் புறங்கையால் தள்ளிவிட்டு, உள்ளங்கையில் நீர் அள்ளி, கண்மூடி மந்திரம் சொல்லி உறிஞ்சுகிறார். மறுபடியும் அள்ளுகிறார். உதடுகள் வானவில்லாய் மினுங்குகின்றன. வாயில் ஊறிய எச்சிலைக் கங்கையில் விடாமல், கரைக்குத் திரும்பி, கிரிகரியின் கால்தடத்தின் மேல் காறித் துப்புகிறார்.