லீவு நாள் அஞ்சலி

சட்டைக் கம்பெனியில் பட்டன் தைத்த பதினேழு வயதுப் பெண் காணாமல் போய் ஐம்பது வருடம். துப்பே கிடைக்கவில்லை. அவள் நினைவாக ஆண்டுதோறும் காலையில் அஞ்சலிக் கூட்டம், அப்புறம் எல்லோருக்கும் லீவு.

புது மேனேஜர் உருகிவிட்டார். "டிடெக்டிவ் வெச்சாவது அவளைக் கண்டுபிடிச்சே தீருவேன்!"

யூனியன் தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. "எதுக்கு சார் வீண் அலைச்சல்?"

முன்வரிசையில் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்த கிழவியிடம் மேனேஜர் கைக்குட்டையை நீட்டினார். "நீங்க அவளுக்குச் சொந்தமாம்மா?"

"தூரத்துச் சொந்தம் சார்!" என்று முந்திக்கொண்டார் தலைவர்.

மேனேஜரின் கார் கிளம்பியதும் தலைவர் கிழவியைக் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, அடுத்த வருஷம் பின்வரிசையில உட்காருங்க. நீங்க கிடைச்சுட்டா எங்க லீவு போயிடும்!"

அதுவரை அடக்கிவைத்த சிரிப்பு அவளுக்கு வெடித்துக் கிளம்பியது.

"அன்னிக்கு நான் ஒரே ஒரு நாள் லீவு கேட்டேன் தம்பி. கொடுத்திருந்தா ஓடியே போயிருக்க மாட்டேன்!"