சரிவுக்குக் காரணம்

கூட்டத்தில், பெரிய திரையில் விற்பனை வரைபடம் விரிந்தது. திங்கட்கிழமைச் சரிவைச் சுற்றி விற்பனைப் பிரிவுக்காரன் கட்டம் போட்டு எழுதியிருந்தான்: ‘தப்பு என்னோடதுதான்.’

கீழே விளம்பரப் பிரிவுக்காரியின் பதில்: ‘அன்னிக்கே ஒத்துக்கிட்டிருக்கலாமே?’

நேற்றுதான் சேர்ந்த மேனேஜருக்கு வாயெல்லாம் பல். “பொறுப்பேத்துக்க ஒருத்தர், தட்டிக்கேட்க ஒருத்தங்க! இதுதான்யா டீம்!”

மற்றவர்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். எதிரே அவன் அசடு வழிவதைப் பார்த்ததும் அவளுக்கு மிச்சமிருந்த கோபமும் பறந்தது. எழுதுவதெல்லாம் திரையில் தெரியும் என்பதையே மறந்து மடிக்கணினியில் தட்டினாள்.

இன்றைய தேதிமேல் புதுக் கட்டம் முளைத்தது: ‘சோபாவுல படுத்தது போதும். இன்னிக்கு ரூமுக்கே வந்துடுங்க.’

மேனேஜர் பேயறைந்தாற்போல் நின்றார்.

“பதறாதீங்க சார்,” என்றார் கணக்காளர். “அவங்க புருஷன் பொண்டாட்டிதான்!”